காலி வீதியில் பின்னுக்குப் போன பஸ்

மூன்றாம் மாடி நடையில்
ஐந்து பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாய்ப் போட்டு
வெள்ளவத்தையிலிருந்து புறப்படுகிறது நூறாம் நம்பர்.
சாரதி இம்தாத்.
ஸ்டியரிங், அவன் உம்மாவின் சோற்றுப்பானை மூடி.
கொண்டக்டர் என் மகள் ஜனுஷிகா, வயது நாலரை.
விரலிடுக்கில் அவள் மடித்துச் சொருகியிருப்பது
மின்சாரப் பில்லின் கிழித்த துண்டுகள்.
(பில் இன்னும் கட்டவில்லை. அது வேறு கதை.)

"பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை, பெட்டா பெட்டா பெட்டா!
நகின்ட, நகின்ட, இஸ்ஸரஹட்ட யன்ன!"
சிங்களத்தில் ஏற்றித்
தமிழில் டிக்கட் கிழிக்கிறாள்.

பாதி சாத்திய கதவுக்குப் பின்னால்
நாளைய சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு நிற்கிறேன்.
இரண்டு கிழமையாய்ச் சட்டைக் கொலரைக் கடிக்கிறாள் பிள்ளை,
கழுத்தடி எப்போதும் ஈரம்.
இப்போது வாய் நிறைய ஊர்ப்பெயர்.
கொலருக்கு அங்கே இடமில்லை.

பயணிகள்:
பால்போத்தலைக் குழந்தையென்று மடியில் வைத்த செனுரி,
ஒரு குடை,
ஒரு வெறும் மா ரின்,
ஒற்றைக் காது யானை.

யானையிடம் வந்ததும் குரல் மாறுகிறது.
"இனா எழுதத் தெரியுமோ?"
யானை பேசாமல் இருக்கிறது.
"எத்தனை தரம் சொல்லுறது? உனக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு?
தெரியாட்டி இறங்கு. பஹின்ட!"

அயர்ன் பொக்ஸை நிமிர்த்தி வைத்தேன்.
அது என் குரல்.
மூச்சு வாங்கும் இடம்கூடப் பிசகவில்லை.

நேற்று இரவு அவள் எழுதிய இனாவுக்கு
இரண்டு கண், கீழே ஒரு சோடிச் செருப்பு.
"இனா குந்திக்கொண்டு இருக்குதப்பா, பஸ் வரேல்லை"
என்றவளிடம் கொப்பியைப் பறித்து
அழித்தேன், அழித்தேன்,
தாள் கிழியும் வரைக்கும்.

பம்பலப்பிட்டி போயிற்று.
யானை படிக்கட்டடியில் குப்புறக் கிடக்கிறது.
கொள்ளுப்பிட்டியில் யாரும் ஏறவில்லை,
கொண்டக்டரும் கூப்பிடவில்லை.
காலிமுகம் வந்ததும்
கடலைப் பார்க்காமல்
பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
பிறகு சுவரில் இரண்டு தட்டு:
"பின்னுக்கு எடுங்கோ."

இம்தாதுக்குக் கோபம்.
"காலி ரோட்டில பஸ் ரிவேர்ஸ் போகாது, பொலிஸ் பிடிக்கும்."
"இந்த பஸ் போகும்."

போனது.
பீப் பீப் என்று செனுரி கத்த,
குடை சரிந்து விழ,
கொழும்பு முழுவதும் வழிவிட,
கொள்ளுப்பிட்டியை, பம்பலப்பிட்டியைத் தாண்டிப்
படிக்கட்டடி வரைக்கும்
பின்னுக்குப் போனது நூறாம் நம்பர்.

"ஏறுங்கோ" என்றாள் யானையிடம்,
தூசு தட்டி. "யன்னல் சீற் உங்களுக்கு."
இனாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தேன்.
"நானும் வரலாமோ?"
"காசு?"
நூறு ரூபாய்த் தாளை இரு பக்கமும் பார்த்துத் திருப்பித் தந்தாள்,
"இது செல்லாது."
சேர்ட் பையில் வேறொன்றும் இல்லை,
அழிறப்பரைத் தவிர.
அதை நான் வெளியே எடுக்கவில்லை.
"சரி, நாளைக்குத் தாங்கோ.
இஸ்ஸரஹட்ட யன்ன."

முழங்கால் நாடியில் இடிக்க
யானைக்குப் பின் சீற்றில் ஒடுங்கி இருந்தேன்.
"எங்க இறக்கம்?" என்று கேட்டாள்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
தெரியாதவர்களையும் அந்த பஸ் கொண்டுபோனது,
பெட்டா தாண்டி, துறைமுகத்து வேலி தாண்டி,
தண்ணீருக்குள்ளும் கொஞ்சத் தூரம்,
இம்தாதின் உம்மா பானை மூடியைத் தேடி வரும்வரை.

இரவு அவள் நித்திரை.
விரலால் தொட்டுப் பார்த்தேன்,
கொலர் காய்ந்திருந்தது, இன்றைக்கு மட்டுமோ தெரியாது.
கொப்பியை விரித்துக்
கிழிந்த ஓட்டைக்குப் பக்கத்தில்
பென்சிலால் இனா போட்டேன்.
கண் வைத்தேன், செருப்பும் வைத்தேன்.
ஒரு பக்கம் முடிய எழுதியும்
ஒன்றுகூடக் குந்தவில்லை.