பச்சைக்குதிரை

அவரை இலைக்கு அடியில்
இன்னோர் அவரை இலை. ஆனால் அதற்குக் கண் இருந்தது.
ஓர்ட்ரூன் தண்ணீர்க் குழாயை அப்படியே தரையில் போட்டாள்.
பூதக்கண்ணாடி சட்டைப்பையில் இல்லை,
வழக்கம்போல் உருளைக்கிழங்குக் கூடையில்.

முதலில் மீசை.
உடம்பைவிடக் குட்டையென்றால் புல்வெளிக்காரன்,
நீளமென்றால் புதர்க்காரன்.
இது நீளம். உடம்பைத் தாண்டி, இலையைத் தாண்டி,
இரண்டு நூல்கள் காற்றைத் தடவிக்கொண்டிருந்தன,
இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோல.
முதுகில் துருநிறக் கோடு.
பின்னால் ஒரு வாள். அப்படியானால் பெண்.
கொட்டுமென்று பயப்படுவார்கள் மற்ற பாத்திக்காரர்கள்.
கொட்டாது, மண்ணைக் குத்தி முட்டை வைக்கும் ஊசி அது.
கடிக்கும். அது வேறு விஷயம்.

தமிழ் இதைக் கிளியாகப் பார்த்தது:
வெட்டுக்கிளி, தத்துக்கிளி.
லைப்சிக்கில் இது குதிரை, வைக்கோல் குதிரை.
நம்மிடமும் ஒரு பச்சைக்குதிரை உண்டு,
குனிந்தவன் முதுகைத் தாண்டும் ஆட்டத்துக்கு.
யார் யார் முதுகைத் தாண்டி வந்ததோ இந்தச் சொல்.

அது ஒரு பாதத்தைத் தூக்கி
வாய்க்குள் வைத்து நிதானமாக நக்கியது,
சாப்பாடு பிடித்துப்போனவர்போல.
முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே,
நகத்தால் கீறியதுபோல் ஒரு பிளவு.
அதுதான் காது.
முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவள்
தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஏனென்று தெரியாமல்.

நோட்டில் இருப்பது இது:
ஆகஸ்ட். வேலியோரம். இல்லை.
மறு ஆகஸ்ட். இல்லை.
போன வருடத்து இல்லைக்குக் கீழே இரண்டு கோடு,
கூடவே, மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லித்
தோட்டச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல்.

வேலிக்கு மேலே ஹார்ட்முட்டின் தொப்பி எழும்பியது.
"பெண்ணா? நல்லது, வாயை மூடிக் கிடக்கும்.
ஆண்கள்தான். மூணு கோடையா
இந்தக் குடிசையில என்னைத் தூங்க விடலை."
"மூணு கோடையாவா? சொல்லவே இல்லையே."
"நீ கேட்கவே இல்லையே."

ராத்திரி ஒன்பதரைக்கு
டார்ச்சோடு ஹேசல் புதருக்குள் தலையை விட்டாள்.
மூன்றாவது கிளையில் இருந்தான், வாளில்லாதவன்.
வலது சிறகின்மேல் இடது சிறகு,
இரண்டும் அதிர்ந்து அதிர்ந்து
விளிம்பே இல்லாமல் போயிருந்தன.
இலைகூட நடுங்கியது.
அவளுக்கு வந்து சேர்ந்ததெல்லாம்
தூரத்துச் சாலையும் தன் மூச்சும்தான்.

எவ்வளவு நேரம் நின்றாளோ, டார்ச் மஞ்சளாகிவிட்டது.
நோட்டைத் தொடைமேல் வைத்து
பழைய மூன்று இல்லைகளையும் அடித்தாள்.
பக்கத்தில் எழுதினாள்: கேட்கவில்லை.
சங்கத்துக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.
அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹார்ட்முட் திட்டிக்கொண்டே ஜன்னலை அறைந்து சாத்தினார்.
அது நன்றாகக் கேட்டது.
அவன் நிறுத்தவில்லை.