வெள்ளிக்கிழமை விடுதலை

பெர்த் சிறையின் பக்கவாட்டுக் கதவு
வெள்ளிக்கிழமைகளில்தான் அதிகம் திறக்கும்.
சனி ஞாயிறில் எந்த அலுவலகமும் திறக்காது என்பது
திறந்துவிடுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன.

எதிர்ச்சுவரோரம் நிற்கிறேன்,
முதுகில் ஒரு காலிப் பை.
இந்த வேலைக்கு என்ன படிப்பு என்று
தங்கை ஒருமுறை கேட்டாள்.
பதினான்கு வருஷம் ஹெராயின், நான்கு வருஷம் உள்ளே,
அப்புறம் ஆறு வாரப் பயிற்சி என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவள் மோதிரத்தையும் விற்றவன் நான்.

லோர்ன் வந்தான்.
கையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பை,
அதன்மேல் சிறையின் பெயர் கொட்டை எழுத்தில்.
உள்ளே இரண்டு ஜோடி காலுறை, ஒரு கடிதக் கட்டு,
சார்ஜ் செத்துப்போன போன்.
ஒன்றும் சொல்லாமல் காலிப் பையை நீட்டினேன்.
அதோடு டண்டீ பஸ்ஸில் ஏறினால்
பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வரும்.
எனக்கு யாரும் நீட்டவில்லை அன்று.
மூன்றாவது நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.
யார் வீட்டுக் கதவைத் தட்டினேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

பஸ்ஸில் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.
ஜன்னலில் டே ஆறு, சேற்று நிறத்தில்.
"எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் சொல்வதில்லை,
நானே போட்டுக்கொண்ட தடை.
ஒரு சாக்லேட்டை இரண்டாய் உடைத்தேன்.
பெரிய துண்டை எடுத்துக்கொண்டான். நல்ல அறிகுறி.

வீட்டுவசதி அலுவலக வரிசை
பிற்பகல் முழுவதையும் தின்றது.
மருந்துக்கடை ஐந்தரைக்கு மூடும். மணி ஐந்து இருபது.
"உள்ளே வாயேன்" என்றான் லோர்ன்.
எனக்கு அனுமதியில்லை.
பன்னிரண்டு வருஷம் முன்னால்
இதே கவுண்டரைத் தாண்டிக் குதித்தவன்.
அதே மிசஸ் பெட்ரி, முடி மட்டும் நரைத்திருக்கிறாள்.
அதைக் கேட்டு லோர்ன் முதல்முறையாகச் சிரித்தான்,
பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

மழையில் நின்றேன்.
உள்ளே அவன் சிறு கோப்பையை அண்ணாந்தான்.
அவன் விழுங்கியபோது என் தொண்டையும் அசைந்தது.
ஐந்து வருஷம் ஆகிறது.
இன்னும் அசைகிறது.

மிசஸ் பெட்ரி கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தாள்.
வாசல் விளக்கு மட்டும்
நாங்கள் தெருமுனை திரும்பும்வரை எரிந்தது.
மறந்திருக்கலாம்.

"நாளைக்கு?" என்றான்.
நாளை சனி, ஒரு மணிக்கே மூடிவிடுவார்கள்,
பன்னிரண்டுக்கு இங்கே நில் என்றேன்.
அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு வா,
அடுத்த வெள்ளி இன்னொருத்தன் வருகிறான்.