உளை

சர்வே எண் நூற்றுப் பதினாறு, உட்பிரிவு இரண்டு.
பழைய அடங்கலில் குறிப்புக் கலம்,
பழுப்பு மையில் ஒரே சொல்: உளை.
அதன் கீழே வேறொரு கை,
‘எருமையும் இறங்காது.’

கணினியில் ஏற்றியது நான்.
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்,
மின்விசிறி ஓடாத அறை,
சன்னல் நிறையச் சேர்வராயன் மலை.
ல அடிக்க ஒரு விரல் போதும்.
ள அடிக்க இன்னொரு விரல்
ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
அந்த விரல் அப்போது
டீ டம்ளரில் இருந்திருக்கலாம்.

உலை என்று விழுந்தது.
சோற்றுப் பானை, கொல்லன் துருத்தி, இரும்பாலை.
சேலத்தில் யாருக்கும் சந்தேகம் வராத சொல்.
சர்வேயர் அர்த்தநாரி படித்துவிட்டு,
‘எப்பவோ சூளை போட்டிருப்பாங்க,
வெந்த மண்ணு, கெட்டித் தரை’ என்றார்.
கெட்டித் தரையில் வெள்ளைக் கல் நட்டார்கள்.
கல்லுக்கு ஒரு நகர்ப் பெயர் வந்தது.

ஒன்பதாவது ஐப்பசி.
மலையில் நாலு நாள் விடாத மழை.
ஐந்தாம் நாள் பச்சியண்ணன்
மனுவோடு வந்து நின்றார்.
சுவர் விரிசலில் பத்து ரூபாய்க் காசைச்
சொருகி எடுத்த போட்டோ.
கக்கூஸ் ஒரு பக்கமாய் இறங்கிவிட்டதாம்.
சாத்தின கதவு
ராத்திரியில் தானாய்த் திறக்கிறதாம்.
தவணை இன்னும் நூற்று நாற்பத்தொன்று.

மனுவின் கடைசி வரி:
‘குடும்பத்துடன் மிகுந்த மன உளைச்சலில் உள்ளோம்.’
எழுத்தெல்லாம் கோணல்.
ள மட்டும் சரியாக இருந்தது.

சேறு கழுவினால் போகும்.
சகதி வெயிலில் ஓடாகும்.
உளை அப்படியில்லை,
மேலே புல்லைப் போர்த்துக்கொண்டு கிடக்கும்,
கால் வைத்த பிறகுதான் பேரைச் சொல்லும்.
இழுக்காது.
விடவும் செய்யாது.
கெண்டைக்காலில் வருகிற உளைச்சலும்
நெஞ்சுக்குள் வருகிறதும்
அந்த மண்ணிலிருந்து ஏறி வந்தவைதானா?
அகராதி எல்லாவற்றையும்
ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறது,
உறவு சொல்லாமல்.

அந்தக் கலத்தைத் திறந்து
இரண்டு விரலாலும் அடித்துப் பார்த்தேன்.
‘திருத்த அனுமதி இல்லை’
என்றது திரை.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பச்சியண்ணன் கேட்டார்,
‘அதென்னங்க, உலைன்னு போட்டிருக்குது?’

‘எழுத்துப் பிழைங்க.’

‘யாரு பண்ணுனது?’

டம்ளரில் டீ ஆடை கட்டியிருந்தது.
சன்னலைப் பார்த்தேன்.
மலை தெரியவில்லை,
மேகம் பாதிவரை இறங்கியிருந்தது.