முந்நூறு லிட்டர்

பழவேற்காட்டில் வலையில் மாட்டியதைப்
பெயின்ட் வாளியில் போட்டு
ரயிலேற்றிக் கொண்டுவந்தான் அமலதாசன்.
காட்பாடி நடைமேடையில் மூடியைத் திறந்தபோது
பழுப்பாக இருந்தது.
என்னைப் பார்த்ததும் வெளுத்தது.
"எங்க ஊர்ல பேய்க்கணவாய்னு சொல்லுவோம்.
ஒருத்தரும் கேட்கமாட்டாங்க,
நீதான் கேட்ட."

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்.
தண்ணீரில் உப்பை அளப்பது தொழில்,
இதுவும் கைவரும் என்றொரு திமிர்.
பாலாறு மணலாய்க் கிடக்கும் ஊரில்
காகிதப்பட்டறை மாடிவீட்டில்
லாரித் தண்ணீரை வடிகட்டி வடிகட்டி
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கரைத்து
ஒரு துண்டு கடல் செய்தேன்.
தண்ணீரில் செம்பு கலந்தால் செத்துவிடுமாம்,
தன் நீல ரத்தத்தில்
செம்பையே வைத்துக்கொண்டு.

வீட்டுக்காரர் வில்வநாதன் ஏறிவந்து
தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்.
"முந்நூறு கிலோ. மாடி தாங்குமா?"
"நாலஞ்சு பேர் வந்து உட்கார்ந்தா தாங்காதா சார்?"
"அவங்க எழுந்து போயிடுவாங்களே."

மேல்விஷாரத்திலிருந்து வாரம் மூன்று நாள்
ஜைபுன்னிசா வருவார்.
என் இயந்திரத்தோடு நாலு மணி நேரம்.
நாளுக்கு அரை லிட்டர்தான் அவருக்கு அனுமதி,
ரசமும் கணக்கில் சேரும்.
"நாக்கு பதம் போட்ட தோல் மாதிரி ஆயிடுச்சு.
நான் ஒரு டம்ளருக்கு அலையறேன்,
நீ ஒரு பேய்க்கு முந்நூறு லிட்டர் வெச்சிருக்கே."
திட்டி முடித்துவிட்டு
"சரி, நேத்து என்ன பண்ணுச்சு?"

ஊறுகாய் பாட்டிலில் நண்டை வைத்துத்
திருகிக் கொடுத்தால் திறந்துவிடுகிறது என்றேன்.
மேசை விளக்கைத் தண்ணீர் பீய்ச்சி
இரண்டு முறை அணைத்துவிட்டது என்றேன்.
மூடிமேல் செங்கல் வைத்தும்
பம்புக் குழாய் நுழையும் ஓட்டை வழியே
எட்டுக் காலையும் எலும்பில்லா உடம்பையும் வெளியே ஊற்றி
இறங்கிவிட்டது ஒரு நாள்.
நைட் டியூட்டி முடிந்து வந்த விடியலில்
குளியலறை வாசலில்
ஈர மிதியடியென்று காலை வைக்கப் போனேன்.
மிதியடி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.

"அதுக்கு மூணு இதயம் தெரியுமா?"
"கிட்னி எத்தனை?"
"ரெண்டு."
"வேலை செய்யுதா?"

கத்திரியில் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது.
சத்துவாச்சாரிப் பக்கம் மலைப்பாறை
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவில் கக்கியது.
தெர்மாமீட்டர் முப்பத்தொன்று.
பாட்டில் பாட்டிலாய் ஐஸ் மிதக்கவிட்டு
இரண்டு மணிக்கொருதரம் மாற்றினேன்.
உள்ளே விட்ட கையை அது பற்றிக்கொள்ளும்.
எடுக்கும்போது
ஒவ்வொரு உறிஞ்சியாக, பட் பட்டென்று,
மனசில்லாமல் விடும்.
மறுநாள் முழுங்கை வரை வட்ட வட்டத் தழும்போடு
ஊசி குத்துவேன்.
ஜைபுன்னிசா எண்ணிப்பார்ப்பார்.

ஆடியில் உடைந்த பானைக்குள் போனது
வெளியே வரவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
பானைக் கூரையில் அரிசி அரிசியாய்ச் சரம்.
அவை பொரியுமா தெரியாது,
அதற்கும் தெரிந்திருக்காது.
இரவும் பகலும் அவற்றின்மேல்
தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தது.
எதுவும் தின்னவில்லை.
இரையாய்ப் போட்ட நண்டு
முதல் நாள் மூலையில் பதுங்கியது,
பத்தாம் நாள் பானை விளிம்பில் ஏறியது,
முப்பதாம் நாள் சட்டை உரித்துப் பெரிதானது.

அப்புறம் ஒரு காலை
டார்ச் வெளிச்சத்தில் நிறம் மாறவில்லை.

"உப்புத் தண்ணிய என் முருங்கைக்கு ஊத்திடாதே,"
என்றார் வில்வநாதன்.
பிறகு படியில் நின்று
"நல்ல பிராணி," என்றார்.
நான் எதையும் ஊற்றவில்லை.
பம்பு ஓடுகிறது.
நண்டுக்குப் பெயர் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜைபுன்னிசா
எடை மேடையில் ஏறினார்.
மூன்று கிலோ இருநூறு கூடுதல்.
"ஒரு சொட்டு குடிக்கலைப்பா, அல்லா மேல ஆணை."
கையை நீட்டிப் படுத்து
என் முழுங்கையைப் பார்த்தார்,
வட்டங்கள் இல்லை.
"என்ன பண்ணுது உன் பேய்?"
"நேத்து முழுசா ஒரு நண்டு தின்னுச்சு," என்றேன்.
"தின்னட்டும்," என்று கண்ணை மூடினார்.
மூன்று லிட்டர் இருநூறு என்று அழுத்தினேன்.
இயந்திரம் எடுக்க ஆரம்பித்தது.