எத்தனை நாள்

முதல் நாள் டீக்கடைக்காரர் கேட்டார்,
"எத்தனை நாளும்மா?"
லாட்ஜில் கேட்டார்கள்.
சிம் கார்டு விற்கும் பையன் கேட்டான்.
மருந்துக்கடைப் பெண், நான் தலைவலி மாத்திரை வாங்கியதற்கே கேட்டாள்.
வங்காளியில் பேரம் பேசிக்கொண்டிருந்த ஆரஞ்சுக்காரர்
பாதியில் நிறுத்தித் தமிழில் திரும்பினார்:
"யாருக்கு ஒடம்பு?"

யாருக்கும் இல்லை என்றேன்.
நம்பவில்லை.
நோயில்லாமல் வேலூரில் வந்து இறங்கியவள்
வேறெதையோ மறைக்கிறாள் என்று நினைத்திருக்கலாம்.
மறைத்தேன்தான்.
அம்பத்தூர் விடுதியில் காலி செய்த கட்டில்,
ஓசூரில் ஆறு மாதம்,
திருப்பூரில் அண்ணன் வீட்டு ஹாலில்
விடிவதற்குள் சுருட்டிவிட வேண்டிய பாய்.
இப்போது ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி,
தையல் பிசகியதைத் தனியே எடுத்து வைக்கிற வேலை.
ஏனோ இடது கால்தான் அதிகம் பிசகுகிறது.

நோட்டில் கட்டம் போட்டேன்.
வாடகை, தண்ணீர், பஸ், ராத்திரி தெருவிளக்கு.
காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், கொசப்பேட்டை.
விளாத்திகுளத்திலிருந்து அம்மா
இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னாள்:
"அக்கம்பக்கம் யாரு என்னன்னு."
அதைப் போடவில்லை.
போடாத அந்தக் கட்டம்
ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு முன்னால் போய்
நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.
"நீங்க இன்னா ஆளுங்க?" நேராக ஒருவர்.
"கறி சமைப்பீங்களா?" சுற்றி வளைத்து ஒருவர்.
காந்தி நகரில் மல்லிகை ஏறிய மாடி அறை,
சாவியைக் கையில் வாங்கிவிட்டேன்.
அப்பா பெயர், தெருப் பெயர் சொன்னதும்
பெங்களூரிலிருந்து அவர்கள் தம்பி மகன் வருவதாயிற்று,
திடீரென்று.

தரகர் தனகோட்டி
பாலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி
கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி
ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னார்:
"தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்ட.
இங்க வந்து வூடு தேடறியேம்மா."
கீழே மணலில் கிரிக்கெட்.
ஸ்டம்புக்கு மூன்று கருவேலங்குச்சி.
இல்லாததை முதலிலேயே சொல்லிவிடுகிற ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.
நான் இருந்தவை
இருப்பதை மட்டும் சொல்லி
முன்பணம் வாங்கியவை.

ஆறாவது வீடு சைதாப்பேட்டைக்குப் பின்னால், பாறையடியில்.
ஷம்ஷாத் அக்கா தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை விட்டு எழாமலே சொன்னாள்:
"மே மாசம் செவுரு கொதிக்கும். ராத்திரி பத்து மணிக்கும் கை வெக்க முடியாது.
மோட்டார் நான் போட்டாத்தான் தண்ணி.
பூனை ஒண்ணு வரும், அது என்னுது இல்ல."
வேறெதுவும் கேட்கவில்லை.
எத்தனை நாள் என்றுகூட.

இதுதான் என்று உள்ளுக்குள் மணி எதுவும் அடிக்கவில்லை.
கால் வலித்தது.
ஜன்னல் தாழ்ப்பாள் சரியாக விழுந்தது.
சரி என்றேன்.

முள்ளுக் கத்தரிக்காயில் விரல் குத்திக்கொண்டேன்,
காம்பைப் பிடிக்கத் தெரியாமல்.
கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று,
முகவரிச் சான்றுக்கு கேஸ் ரசீது என்று
இரண்டு கவுன்டருக்கு நடுவே ஒரு மாதம்.
பூனை வந்தது. என்னுடையதும் இல்லை.
டீக்கடைக்காரர் என்னைத் தாண்டி
அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியைக் கேட்கிறார்,
விரல்களை விரித்துக் காட்டி.
அந்த ஆள் தன் விரல்களைப் பார்க்கிறார்.
எவ்வளவு மடக்குவது என்று தெரியவில்லை அவருக்கு.

மே வந்தது. சுவர் சொன்னபடி கொதித்தது.
நனைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
அம்மாவிடம் போனில் கத்தினேன்:
"எங்கூரு வெயில் தாங்க முடியலம்மா!"
"இங்க காலைலருந்து மழைல்லா பேயுது," என்றாள்.

பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது.
எனக்கும், சற்றுத் தாமதமாக.
அவள் பக்கம் தகரத்தில் தூறல் கேட்டது.
என் பக்கம் மோட்டார் உறுமத் தொடங்கியது.

வாளி வைக்கணும்மா, என்றேன்.
வைக்கிறேன்.