சீட்டு ஒட்டாத குப்பிகள்

கெலிபியாவில், மத்தி அடைக்கும் ஆலையில்
பத்தொன்பது வருடம்.
தலையைக் கிள்ளு, குடலை உருவு,
தகரத்துக்கு ஏழாக அடுக்கு.
நகக்கண்ணில் உப்பு.
காதுமடலுக்குப் பின்னால்கூடச் செதில் இருக்கும்.
ஒருநாள் என் உள்ளாடைக்குள் ஒன்று
வெள்ளிக்காசு போல ஒட்டிக்கொண்டு
வீடுவரை வந்தது.

அதனால்தான் பூக்கள்.
அழகுக்காக என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.
எனக்கும் மீனுக்கும் நடந்த சண்டையில்
நான் கூலிக்கு அமர்த்திய படை அவை.

மார்ச் கடைசியில் நாபல் சந்தை.
நாரத்தம்பூ இரண்டு வஸ்னா, எட்டுக் கிலோ,
செம்புக்கலத்தில் ஏற்றித் துளித்துளியாய் இறக்கினால்
இளவேனில் முழுக்க முகத்துக்கு அதுதான்.
மே மாதம் ஸக்வான் மலையின் காட்டுரோஜா.
விலை கொள்ளை. ஆகவே கண்ணிமைக்கு மட்டும்.
ஆகஸ்டில் தோல் தீயத் தொடங்கும்போது ஜெரேனியம்,
குளிர் இறுகும்வரை.
பனிக்கு, சாமந்தி ஊறிய ஆலிவ் எண்ணெய்.
வெடித்த விரல்களில் பூசி
மேலே ஹெதியின் காலுறைகளை மாட்டிக்கொண்டு தூங்குவேன்.
"குத்துச்சண்டைக்காரி வந்துவிட்டாள்" என்று
அவர் சுவரோரம் நகர்ந்துகொள்வார்.

எல்லாம் பழைய சோடாக் குப்பிகள்.
ஒன்றிலும் சீட்டு ஒட்டியதில்லை.
மூக்கு இருக்க, சீட்டு எதற்கு?

அக்டோபரில் ஒரு காய்ச்சல்.
மணமும் நாற்றமும் ஒரே இரவில்
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயின.
கொத்துமல்லி இல்லை, டீசல் இல்லை,
ஹெதியின் கழுத்து இல்லை.
ஆலைக்குள் நுழைந்தேன்.
மீன் நாறவில்லை.
பத்தொன்பது வருடச் சண்டை முடிந்துவிட்டது.
எதிரியைக் காணோம். என் படையையும் காணோம்.

அலமாரியில் ஆறு குப்பிகள்,
ஆறிலும் தண்ணீர்.
ஹெதியை மோந்து பார்க்கச் சொன்னேன்.
ஒவ்வொன்றாகத் திறந்து, யோசித்து,
"சோப்பு" என்றார் ஆறு முறை.

நவம்பர். விடிகாலை ஐந்து பத்துப் பேருந்து.
ஜெரேனியம் என்று நினைத்து எதையோ
கழுத்தில் தெளித்துக்கொண்டு ஏறினேன்.
மபுரூக்கா தூக்கத்திலிருந்து நிமிர்ந்தாள்:
"யாருக்குக் கல்யாணம்?"
முன்சீட்டில் ஒருத்தி திரும்பினாள்.
ஓட்டுநர் விளக்கைப் போட்டார்.
மழைக்காலத்தில் வசந்தத்தைப் பூசிக்கொண்டு வந்தவளை
எல்லோருக்கும் பார்க்க வேண்டியிருந்தது.
மணிக்கட்டை நீட்டினேன்.
வாய்க்காலில் நீர் குடிப்பவர்கள் போல
ஒவ்வொருத்தியும் குனிந்தாள்.
அவர்கள் முகம் இளகுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
அன்றைக்கு என் மூக்கு
அந்தப் பதினாலு முகங்களில் இருந்தது.

இரவு, ஆறு தட்டுகளில் ஊற்றி
விரலை நனைத்தேன்.
நாரத்தை, காய்ந்ததும் கன்னத்தைச் சுண்டி இழுக்கிறது.
ஜெரேனியம் வெடிப்புகளில் எரிந்து,
பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல் குளிர்கிறது.
ரோஜா ஒன்றுமே செய்வதில்லை.
ஒன்றுமே செய்யாததை வைத்து
அதைக் கண்டுகொள்கிறேன்.
மீதி மூன்று எவை என்று இன்னும் தெரியவில்லை.
அவற்றையும் பூசிக்கொள்கிறேன்.

மறுபடி மார்ச். அதே சந்தை.
துணி விரித்து வெள்ளைக் குவியல்.
"மோந்து பாருங்கள் அக்கா, இன்று காலைப் பூ"
என்றான் லஸாத்.
முழங்கைவரை கையை விட்டேன்.
மேலே மெழுகு போல விறைத்த இதழ்கள்,
அழுத்தினால் முறிகின்றன.
ஒரு சாண் கீழே
ஈரக் காகிதம் போலத் துவண்டவை.
"அடியில் நேற்று இருக்கிறது" என்றேன்.
கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒரு தினார் குறைத்தான்.
மேலாக அள்ளிப் போடச் சொன்னேன்.

திரும்பும் வழியில் பை மடியில்.
உள்ளே ஏதோ முணுமுணுத்தது.
வாயை அவிழ்த்தேன்.
ஒரு தேனீ.
கதவு திறந்திருந்தும், நிறுத்தங்கள் வந்தும்
அது இறங்குவதாக இல்லை.

சரி, நல்ல பூதான்.