பாழ் என்று குறித்த இடம்

இந்த விமானம் யாரையும் எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை.
கிறைஸ்ட்சர்ச்சில் ஏறி
பத்து மணி நேரம் பறந்து
கிறைஸ்ட்சர்ச்சிலேயே இறங்கும்.
இடது விலாவில் ஒரு கதவு.
திறந்தால் தொலைநோக்கி,
அதற்கப்பால் ஜூலை மாதத்து இரவு.

வழி போடுவது என் வேலை.
பார்க்க வேண்டியது எப்போதும் இடப்பக்கம் இருக்க வேண்டும்.
தெற்கைப் பார்க்க மேற்கே போக வேண்டும்,
வானம் நகர நகர மூக்கைத் திருப்ப வேண்டும்.
தாளில் எங்கள் பாதை
குடித்தவன் வீடு திரும்பியதுபோல் இருக்கும் என்பான் லாக்லன்.
ஓட்டுகிறவன் அவன். சொல்லட்டும்.

பதின்மூன்று கிலோமீட்டர் உயரத்தில்தான்
ஈரம் கையை விடும்.
கீழே புல்லையும் ஆட்டு மந்தையையும் வாழவைக்கும் அதே நீராவி
அகச்சிவப்புக்குச் சுவர்.

இன்றைக்கு மெகல்லன் பெருமுகில்.
அதன் நட்சத்திரங்களை எண்ண அல்ல.
அவற்றுக்கு நடுவே
ஒருவர் கணக்கிலும் சேராமல் பரந்து கிடக்கும் வாயுவுக்காக.

ஓர் எலக்ட்ரானை இழந்த கரிம அணு
ஆண்டுக்கணக்கில் எதன்மீதும் இடிபடாமல் அலையும் அங்கே.
இடிபட்டாலும் உடனே கத்துவதில்லை.
ஏறக்குறைய ஐந்து நாள் உள்ளேயே வைத்திருந்து
பிறகு விடும்
நூற்றைம்பத்தெட்டு மைக்ரான் நீளத்தில்
ஒரு முனகல்.

அதைக் கேட்கத்தான் கொலோனிலிருந்து வந்திருக்கிறாள் வீப்கே
மூன்று பெட்டிகளோடும் ஒரு பல்வலியோடும்.
படம் எடுத்துப் பார்த்து
ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாராம் அவள் ஊர் மருத்துவர்.
கிராம்பை மென்றுகொண்டு திரையைப் பார்க்கிறாள்.

காற்று ஒளிர்கிறது, கண்ணாடி ஒளிர்கிறது,
நாங்களே சூடாக இருக்கிறோம்.
ஆகவே முகிலை ஒரு கணம்,
பக்கத்தில் ஒரு பாழை ஒரு கணம் பார்த்து
இதிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.
மிஞ்சுவதுதான் வரைபடம்.

அந்தப் பாழைத் தேர்ந்தெடுத்தவள் நான்.
பழைய படங்களில் கறுப்பாக இருந்தது.
கிட்டத்தில் இருந்தது.
கிட்டத்தில் இருந்தால் நேரம் மிச்சம்.
வேறு காரணம் இல்லை.

இரண்டு நாற்பதுக்குக் கோடு எழ வேண்டிய இடத்தில்
குழிந்தது.
கணக்கு உதைத்தது.
இல்லாததைவிடக் குறைவாக எப்படி இருக்க முடியும் ஒளி?
குளிரூட்டியைச் சந்தேகித்தோம். கம்பியை ஆட்டிப் பார்த்தோம்.
யாரோ திங்கட்கிழமையைத் திட்டினார்கள்.
வீப்கே மட்டும் குழியின் அடியில் விரல் வைத்து
அதன் வேகத்தைப் படித்தாள்.
நொடிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர்.
முகிலின் வேகம் அது, எங்கள் கோளாறின் வேகம் அல்ல.

ஒலிவாங்கியில் கரகரவென்று வந்தது அவள் குரல்:
"நைரீ, உன் பாழில் ஆள் இருக்கிறது."

முகில் அங்கே முடிகிறதென்று நான் கோடு கிழித்த இடத்தைத் தாண்டி
அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது.
அங்கே மெலிந்து, இங்கே தடித்து,
நான் ஒன்றுமில்லை என்று எழுதிய கட்டத்துக்குள்
நிறைய.

இன்னும் தள்ளி வேறொரு வெறுமை வேண்டும்.
அதற்கு வேறு பாதை,
இரவின் கடைசி இரண்டு இலக்குகளைக் கைவிட வேண்டும்.
ஆக்லாந்திடம் திரும்ப அனுமதி கேட்டான் லாக்லன்.
தூக்கம் கலைந்த ஒரு குரல், எதைத் துரத்துகிறீர்கள் என்றது.
"காற்றை" என்றான்.
சற்று மௌனம். பிறகு, அனுமதி.

புதிய இடத்தைக் கழித்தபோது கோடு எழுந்தது,
பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு விரல் உயரம்.
யாரும் கைதட்டவில்லை.
புதிய இடமும் பாழ்தானா என்று
யாரும் கேட்கவும் இல்லை.
நான் கேட்டுக்கொண்டேன்.

விடியும் முன் கைக்கோராவின் பனிமுகடுகள் வந்தன.
பழைய குறிப்பேடுகளைத் திறந்தேன்.
அதே இடத்தைக் கழித்த பறப்புகள்:
போன குளிர்காலத்தில் ஏழு, அதற்கு முந்தையதில் நான்கு.
பதினொரு வரைபடங்கள்.
ஒவ்வொன்றிலிருந்தும்
கொஞ்சம் முகிலை எடுத்து
முகிலிலிருந்தே கழித்திருக்கிறேன்.

சக்கரம் தரையைத் தொட்டது.
கதவைச் சாத்தினார்கள்.
கன்னத்தைப் பிடித்தபடி வீப்கே கேட்டாள்,
ரிக்கார்ட்டனில் பத்து மணிக்கு ஒரு மருத்துவர் இருக்கிறாராமே,
காரில் விடுவாயா?
வலி எந்தப் பல்லில் என்றேன்.
ஒன்றுமில்லை என்றார்களே, அதில்தான் என்றாள்.